எட்டுக் கணினிகள், ஒரே போர்க்களம்

1990களின் நடுவில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்ற சிறிய நிறுவனம் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. கற்காலக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சில ஆட்களோடு தொடங்க வேண்டும். மரம் வெட்டி, மான் வேட்டையாடி, கல்லும் பொன்னும் தோண்டி, வீடும் பாசறையும் மதிலும் கட்டி, படை திரட்டி, பக்கத்து அரசை வீழ்த்த வேண்டும். 1997இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்தான் அது. ஊர் கட்டிப் போரிடும் விளையாட்டுகள் அதற்கு முன்பும் இருந்தன. இந்தக் குழு வைத்துக்கொண்ட இலக்குதான் பெரிது. எட்டுப் பேர், எட்டு வீடுகளில் இருந்தபடி, இணையம் வழியாக ஒரே களத்தில் மோத வேண்டும். அதுவும் 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் செயலி, 16 மெகாபைட் நினைவகம், தொலைபேசிக் கம்பியில் செருகிய 28.8 மோடம் என்ற அளவிலான சாதாரண வீட்டுக் கணினியில்.

அந்த மோடம் நொடிக்கு 28,800 பிட் அனுப்பும். எட்டால் வகுத்தால் 3,600 பைட். கம்பி சுத்தமாக இருந்தால் கிடைக்கும் உச்ச வேகம் இது. இப்போது ஒரு வில்லாளியை எடுத்துக்கொள்வோம். அவன் நிற்கும் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள், தலா 2 பைட். எந்தப் பக்கம் பார்க்கிறான், என்ன செய்கிறான், எந்த நிலையில் இருக்கிறான், எவ்வளவு அடிபட்டிருக்கிறான் என்பதற்குத் தலா 1 பைட். ஆக ஒரு ஆளுக்கு 8 பைட். களத்தில் 1,500 வில்லாளிகள் இருந்தால் 12,000 பைட். களத்தின் நிலையை ஒரே ஒரு முறை, ஒரே ஒரு எதிராளிக்குச் சொல்லி முடிக்கவே மூன்று நொடிக்கு மேல் ஆகும். ஏழு பேருக்கும் சொல்ல வேண்டுமென்றால் 23 நொடி. திரையோ நொடிக்குப் பதினைந்து முறையாவது மாற வேண்டும்.

இந்தக் கணக்கு எந்த வழியிலும் தேறாது. தகவலைச் சுருக்கலாம், மாறியதை மட்டும் அனுப்பலாம், திரைக்கு வெளியே இருப்பவர்களை விட்டுவிடலாம். எல்லாம் செய்தாலும் நூறு நூறாக நகரும் ஆட்களுக்குப் போதாது. அந்தக் குழுவில் இருந்த பால் பெட்னரும் மார்க் டெரானோவும் தாங்கள் கண்ட தீர்வை 2001இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் ஒரு கட்டுரையாக முன்வைத்தார்கள். 28.8 மோடத்தில் 1,500 வில்லாளிகள் என்பதையே தலைப்பாகக் கொண்ட அந்தக் கட்டுரை இன்றும் இத்துறையில் நுழைபவர்கள் முதலில் படிப்பவற்றில் ஒன்று.

அவர்களுடைய தீர்வு, அஞ்சல் அட்டையில் சதுரங்கம் ஆடியவர்களுக்குத் தெரிந்ததுதான். இருவரும் தத்தம் வீட்டில் ஒரு பலகையை வைத்திருப்பார்கள். கடிதத்தில் பலகையின் படத்தை யாரும் வரைந்து அனுப்புவதில்லை. எந்தக் காயை எங்கே நகர்த்தினேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு பலகைகளும் ஒரே நிலையில் தொடங்கின, இருவருக்கும் ஒரே விதிகள், நகர்வுகளும் அதே வரிசையில் வருகின்றன. ஆகவே எத்தனை மாதமானாலும் இரண்டு பலகைகளும் ஒன்றாகவே இருக்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் எட்டுக் கணினிகளும் முழு உலகத்தையும் தனித்தனியாக நடத்துகின்றன. கம்பியில் போவது "இந்த நாற்பது பேரையும் அந்த மதிலுக்கு அனுப்பு" என்ற கட்டளை மட்டுமே. நாற்பது பேர் எந்த வழியில் போனார்கள், யார் மேல் அம்பு பட்டது, யார் விழுந்தார்கள் என்பதை ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். படை எவ்வளவு பெருத்தாலும் கம்பியின் சுமை கூடுவதில்லை. மனிதரின் கை நொடிக்குச் சில முறைதான் சொடுக்கும். அனுப்ப வேண்டியது அவ்வளவுதான்.

இந்த எண்ணத்துக்கு விளையாட்டு உலகத்துக்கு வெளியே ஒரு பெரிய மரபு உண்டு. 1978இல் கணினியியல் அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய, பல கணினிகளில் நிகழ்வுகளை வரிசைப்படுத்துவது பற்றிய கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. ஒரே நிலையில் தொடங்கும் இயந்திரங்கள், ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் பெற்றால், ஒரே நிலையில்தான் போய் முடியும். ஒரு கணினி பழுதானாலும் கணக்கு அழியாமல் இருக்கப் பல பிரதிகளை ஒருசேர நடத்தும் தரவுத்தளங்கள் இன்று நிற்பது இந்தக் கொள்கையின் மேல்தான். வங்கிக் கணக்கின் பிரதிகளையும் வில்லாளிகளின் போர்க்களத்தையும் ஒரே கொள்கை தாங்கி நிற்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம். மோடத்தோடு மல்லுக்கட்டிய விளையாட்டு உருவாக்குநர்களும் கணினியியல் அறிஞர்களும் வெவ்வேறு பாதையில் ஏறி ஒரே உச்சிக்கு வந்திருக்கிறார்கள்.

கட்டளை மட்டும் போதும் என்றால், எப்போது அதை நிறைவேற்றுவது என்ற கேள்வி உடனே எழும். நான் சொடுக்கியது என் கணினிக்கு அந்தக் கணமே தெரியும். உங்கள் கணினிக்குத் தெரியக் கால் நொடி ஆகலாம். என் கணினி உடனே படையை நகர்த்தினால் இரண்டு உலகங்களும் அங்கேயே பிரிந்துவிடும். அதனால் நேரத்தைச் சுற்றுகளாகப் பிரித்தார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 200 மில்லிநொடி. நூறாவது சுற்றில் நான் தரும் கட்டளை நூற்றிரண்டாவது சுற்றில்தான் எல்லாக் கணினிகளிலும் ஒரே சமயத்தில் நிறைவேறும். இடைப்பட்ட நேரத்தில் அது எட்டுப் பேரையும் சென்று சேர்ந்துவிடும். ஒருவருடைய தகவல் வராவிட்டால் அடுத்த சுற்றுக்குப் போகாமல் எல்லோரும் காத்திருப்பார்கள். யாரும் எந்தக் கட்டளையும் தரவில்லை என்றாலும் "என்னிடம் ஒன்றுமில்லை" என்ற செய்தி போயாக வேண்டும். அது வந்தால்தான் மற்றவர்கள் அடியெடுத்து வைக்க முடியும்.

சொடுக்கியதற்கும் வீரன் நகர்வதற்கும் நடுவில் கிட்டத்தட்ட அரை நொடி. இதை ஆட்டக்காரர்கள் பொறுப்பார்களா? அந்தக் குழு ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தது. 250 மில்லிநொடி வரையிலான தாமதத்தை அவர்கள் கவனிக்கவே இல்லை. 500 வரை சிரமமின்றி ஆடினார்கள். அதற்கு மேல் போனபோதுதான் உறுத்தியது. இதைவிட முக்கியமான ஒன்றும் தெரியவந்தது: எப்போதும் 500 மில்லிநொடி தாமதம் இருந்தால் கை அதற்குப் பழகிவிடுகிறது, ஒரு முறை 80, அடுத்த முறை 500 என்று தாவினால் ஆட்டமே கெட்டுப்போனதாகத் தோன்றுகிறது. மனிதரின் கைக்கும் கண்ணுக்கும் விரைவைவிடச் சீரான தாளம் வேண்டியிருக்கிறது. எனவே வேகமான கம்பி உள்ளவருக்கும் மெதுவான கம்பி உள்ளவருக்கும் ஒரே தாமதத்தை வேண்டுமென்றே வைத்தார்கள். ஒவ்வொரு கணினியும் தன்னால் எவ்வளவு வேகத்தில் படம் வரைய முடிகிறது, செய்தி போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிவித்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துச் சுற்றின் நீளம் கூடும், குறையும். எட்டுப் பேரில் மிக மெதுவானவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

மோடம் காலம் போய் ஒளியிழை வந்த பிறகும் இந்தத் தாமதம் முழுதாக மறையவில்லை, மறையவும் போவதில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். சென்னையில் கரையேறும் கடலடி கேபிள் வழியாகச் சிங்கப்பூரில் இருக்கும் சர்வருக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போக 15, திரும்ப 15, மொத்தம் 30 மில்லிநொடி. நடுவில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல். எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த முப்பதைக் குறைக்க இயற்பியல் இடம் தராது.

மான் திரும்பிய பக்கம்

இதுவரை சொன்னது எளிதான பாதி. "எல்லாக் கணினிகளும் ஒரே விடையைத்தான் கணக்கிடும்" என்று எழுதிவிட்டேன். அதை நடைமுறையில் உறுதிசெய்வதில்தான் உருவாக்குநர்களின் ஆண்டுகள் கழிகின்றன.

பெட்னரும் டெரானோவும் தங்கள் கட்டுரையில் ஒரு மானைப் பற்றிச் சொல்கிறார்கள். வரைபடம் உருவாகும்போது ஒரு மான் ஒரு கணினியில் மட்டும் இம்மியளவு விலகி நின்றுவிடுகிறது. அதனால் அது மேயும் விதம் சற்றே மாறுகிறது. சில நிமிடம் கழித்து வேட்டைக்கு வரும் ஆள் அந்தக் கணினியில் மட்டும் சற்றே வேறு வழியில் நடக்கிறான். அவன் எறிந்த ஈட்டி குறி தவறுகிறது. இறைச்சி இல்லாமல் வீடு திரும்புகிறான். அந்தக் கணினியில் உணவு குறைவு. உணவு குறைந்தால் அடுத்த ஆளை உருவாக்க முடியாது. பத்து நிமிடத்தில் ஒருவர் திரையில் நிற்கும் கோட்டை இன்னொருவர் திரையில் இல்லை. இதைத்தான் உருவாக்குநர்கள் டீசிங்க் என்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், எந்தக் கணினியும் தவறு செய்ததாகத் தெரியாது. ஒவ்வொன்றும் தன் உலகத்தைச் சரியாகத்தான் நடத்திக்கொண்டிருக்கும்.

உலகங்கள் பிரிவதற்கான வழிகளில் முதலாவது தற்செயல் எண்கள். அம்பு படுமா, மான் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் தற்செயலாக இருக்க வேண்டும். ஆனால் எட்டுக் கணினிகளிலும் ஒரே தற்செயலாக இருக்க வேண்டும். இது முரணாகத் தோன்றும். கணினியின் தற்செயல் எண்கள் உண்மையில் ஒரு கணக்கிலிருந்து பிறப்பவை என்பதால் இது முடிகிறது. மிகச் சிறிய கணக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். ஒரு எண்ணை ஐந்தால் பெருக்கு, மூன்றைக் கூட்டு, பதினாறால் வகுத்து மீதியை எடு. 7இல் தொடங்கினால் 35, 38, மீதி 6. 6இலிருந்து 33, மீதி 1. தொடர்ந்து போனால் 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று வந்து மறுபடி 7இல் நிற்கும். பதினாறு எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. பார்ப்பவருக்கு ஒழுங்கில்லாத வரிசை. ஆனால் தொடக்க எண் 7 என்று தெரிந்த யாரும் அதை அப்படியே மறுபடி எழுதிவிடலாம். விளையாட்டுகளில் இதே வகைக் கணக்கு மிகப் பெரிய எண்களோடு நடக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது அந்தத் தொடக்க எண்ணை எட்டுப் பேருக்கும் அனுப்பிவிட்டால் போதும்.

ஆனால் எல்லாக் கணினிகளும் அந்த வரிசையிலிருந்து ஒரே எண்ணிக்கையில் எண்களை எடுக்க வேண்டும். ஒரு கணினியில் மட்டும் புகைப்படலம் வரைவதற்காக ஒரு எண் கூடுதலாக எடுக்கப்பட்டால், அதற்குப் பின் அங்கே எல்லாம் ஓர் இடம் தள்ளி வரும். 1993இல் வந்த டூம் விளையாட்டின் நிரலில் இதற்கான தீர்வு அழகாக இருக்கிறது. அது கோட்டை கட்டும் விளையாட்டல்ல, துப்பாக்கி விளையாட்டு. ஆனாலும் நொடிக்கு 35 முறை ஆட்டக்காரர்களின் விசைகளை மட்டும் பரிமாறிக்கொண்டு இதே முறையில் ஓடியது. அதன் தற்செயல் என்பது முன்கூட்டியே எழுதிவைத்த 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை வாசிக்க இரண்டு தனித்தனிச் சுட்டிகள்: ஒன்று அடி, காயம், அரக்கனின் நகர்வு ஆகிய ஆட்டத்துக்கு, மற்றொன்று திரையின் அலங்காரத்துக்கு. அலங்காரம் எத்தனை எண்களை எடுத்தாலும் ஆட்டத்தின் வரிசை அசையாது. உலகத்தை மாற்றும் கணக்கையும் கண்ணுக்குக் காட்டும் கணக்கையும் பிரித்து வைப்பதை இத்துறையின் முதல் ஒழுக்கம் என்றே சொல்வேன்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது: தசம எண்கள். கணினி தசம எண்ணை வைத்துக்கொள்ள வரையறுத்த இடம்தான் ஒதுக்குகிறது, மிஞ்சியதை முழுமையாக்கிவிடுகிறது. மூன்று இலக்கங்கள் மட்டுமே எழுத முடிந்த ஒரு கணினியை நினைத்துக்கொள்ளுங்கள். 100, 0.4, 0.4 மூன்றையும் கூட்ட வேண்டும். முதலில் 100உடன் 0.4 சேர்த்தால் 100.4, மூன்று இலக்கத்தில் அது 100. மீண்டும் 0.4 சேர்த்தாலும் 100தான். மாறாக இரண்டு 0.4களை முதலில் சேர்த்தால் 0.8, அதை 100இல் சேர்த்தால் 100.8; மூன்று இலக்கத்தில் 101. ஒரே மூன்று எண்கள், கூட்டிய வரிசை மட்டும் வேறு, விடை வேறு. உண்மைக் கணினியில் இந்த வேறுபாடு பதினாறாவது இலக்கத்தில் வரும். ஆனால் ஒரு மான் இடப்பக்கம் திரும்ப அந்த அளவே போதும்.

எந்த வரிசையில் கூட்டுவது என்பதைப் பல சமயம் நிரலை எழுதியவர் தீர்மானிப்பதில்லை. அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், வேகத்துக்காகத் தானே மாற்றிவிடலாம். பழைய இன்டெல் செயலிகள் கணக்கை உள்ளே 80 பிட்டில் செய்து, நினைவகத்தில் வைக்கும்போது 64க்குக் குறைத்தன. எப்போது வெளியே எடுத்து வைத்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். 1985இல் கணிதவியலாளர் வில்லியம் கஹானின் முன்முயற்சியில் வந்த ஐஇஇஇ 754 என்ற தரநிலை பெரிய உதவி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்குக் கடைசி பிட் வரை என்ன விடை வர வேண்டும் என்று அது வரையறுத்தது. சைன், கொசைன் போன்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கணினியின் நூலகம் தரும் சைன் மதிப்பும் வேறொரு கணினி தருவதும் கடைசி இலக்கத்தில் வேறுபடலாம். அதனால் பல விளையாட்டுகள் ஆட்டத்தின் உள்ளே தசம எண்களையே தொடுவதில்லை. ஒரு கட்டத்தின் நீளத்தை 256 பங்காக்கி, எல்லாத் தொலைவையும் முழு எண்களில் வைத்துக்கொள்கின்றன. முழு எண்ணைக் கூட்டினால் எந்த நாட்டுக் கணினியிலும் ஒரே விடைதான். புதிதாக ஒன்றை எழுதுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

மூன்றாவது வழி பலரும் யோசிக்காதது. ஒரு காவல் கோபுரத்திலிருந்து சரிசமமான தொலைவில் இரண்டு எதிரிகள் நிற்கிறார்கள். கோபுரம் யாரைச் சுடும்? "அருகில் இருப்பவரை" என்று விதி எழுதியாயிற்று, ஆனால் இருவரும் சம தூரம். நிரல், பட்டியலில் முதலில் வருபவரைப் பிடிக்கும். அந்தப் பட்டியல் நினைவகத்தில் ஒவ்வொருவரும் எங்கே குடியிருக்கிறார் என்ற முகவரியின் வரிசையில் அமைந்திருந்தால், அந்த முகவரி ஒவ்வொரு கணினியிலும் வேறு. என் திரையில் இடப்பக்கத்து வீரன் விழுவான், உங்கள் திரையில் வலப்பக்கத்தவன். இதற்கு மருந்து, ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே ஒரு வரிசை எண் கொடுத்து, சமன் வரும் எல்லா இடத்திலும் சிறிய எண்ணுக்கு முன்னுரிமை தருவது. அற்பமாகத் தோன்றும் இந்த விதி இல்லாத ஒரே ஒரு இடம் போதும், ஆட்டம் உடைய.

ஆகவே ஒவ்வொரு சுற்றிலும், அல்லது சில சுற்றுகளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு கணினியும் தன் உலகம் முழுவதையும் ஒரு சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்கி மற்றவர்களுக்கு அனுப்புகிறது. எண்கள் ஒத்துப்போனால் உலகங்களும் ஒன்று. மாறினால் ஆட்டம் நிறுத்தப்படும். எங்கே பிரிந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு கணினிகளின் நாட்குறிப்புகளை அருகருகே வைத்து, முதல் வேறுபாட்டைத் தேடி, அதிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். முதல் வேறுபாடு கண்ணில் படும் இடமும் பிழை பிறந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த வேட்டையை ஒரு கலையாகவே ஆக்கியவர்கள் செக் நாட்டின் பிராகில் உள்ள வூபே சாஃப்ட்வேர் குழுவினர். அவர்களுடைய ஃபாக்டோரியோவில் ஆட்டக்காரர் ஓர் அந்நியக் கோளில் விழுந்து, சுரங்கம் தோண்டி, கன்வேயர் பெல்ட்டுகள் ஓடும் தொழிற்சாலையைக் கட்டி, சுற்றிலும் மதிலும் துப்பாக்கிக் கோபுரங்களும் வைத்துக் காக்க வேண்டும். நன்கு வளர்ந்த தொழிற்சாலையில் பெல்ட்டின் மேல் நகரும் பொருட்கள் மட்டும் லட்சக்கணக்கில் இருக்கும். அத்தனையும் நொடிக்கு 60 முறை கணக்கிடப்படுகின்றன. இவற்றின் நிலையைக் கம்பியில் அனுப்ப இன்றைய இணையமும் போதாது. ஆகவே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் அதே வழி: கட்டளை மட்டும் போகும்.

ஆட்டம் பாதி நடக்கும்போது ஒருவர் புதிதாகச் சேர்ந்தால்? முழு உலகத்தையும் ஒரு கோப்பாக அவருக்கு அனுப்புகிறார்கள். அது போய்ச் சேருவதற்குள் உலகம் நகர்ந்திருக்கும். எனவே அவருடைய கணினி அதுவரை வந்த கட்டளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இயல்பைவிட வேகமாக ஓட்டி மற்றவர்களை எட்டிப் பிடிக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சேமித்துத் திறந்த உலகமும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் உலகமும் எள்ளளவும் மாறக் கூடாது. சேமிக்க மறந்த ஒரே ஒரு சிறு தகவல் ஆட்டத்தைப் பாதித்தாலும் புதிதாக வந்தவரின் உலகம் பிரிந்துவிடும். அதைப் பிடிக்க அந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு சோதனை முறை இருக்கிறது. அதை இயக்கினால் ஒவ்வொரு அடியிலும் உலகத்தைச் சேமித்து, உடனே திறந்து, இரண்டின் சரிபார்ப்பு எண்களையும் ஒப்பிடும். ஆட்டம் அப்போது மிக மெதுவாகத்தான் நகரும். ஆனால் பிழை பிறந்த அடியிலேயே பிடிபட்டுவிடும். இப்படி ஒரு சோதனையை எழுதி வைத்த குழுவின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த முறையின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கணினிகளும் முழு உலகத்தையும் வைத்திருப்பதால், உங்கள் ஆட்களின் பார்வைக்கு எட்டாத இருளுக்குள் எதிரி மறைத்துக் கட்டும் கோட்டையும் உங்கள் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. திரையில் காட்டாமல் மறைக்கிறார்கள், அவ்வளவே. நினைவகத்தைத் துழாவும் ஒரு நிரலை எழுதிவிட்டால் வரைபடம் முழுக்க வெளிச்சமாகிவிடும். இவ்வகை விளையாட்டுகளை நெடுங்காலமாக வாட்டும் ஏமாற்று வேலை இது. இதை அடியோடு ஒழிக்க வேண்டுமென்றால் உலகத்தைச் சர்வரில் மட்டும் வைத்து, ஒவ்வொருவருக்கும் அவர் பார்க்கத் தகுந்ததை மட்டும் அனுப்ப வேண்டும். அப்போது மறுபடியும் 12,000 பைட் கணக்குக்கே திரும்பிவிடுவோம். நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டத்துக்கு முதல் முறையும், பரிசும் தரவரிசையும் உள்ள ஆட்டத்துக்கு இரண்டாவது முறையும் தகும் என்பது என் தீர்ப்பு.

ஆட்டக்காரர் தூங்கும்போது

கைபேசி வந்தபோது பிரச்சினையின் வடிவமே மாறியது. பேருந்து நிறுத்தத்தில் மூன்று நிமிடம் ஆடுபவரை எட்டுப் பேர் சேரும் வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் உள்ள, 2010இல் தொடங்கிய சூப்பர்செல் நிறுவனம், 2012 ஆகஸ்டில் வெளியிட்ட கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் இதற்கு எளிய விடை கண்டது: இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட வேண்டியதே இல்லை. நீங்கள் ஊரைக் கட்டிவிட்டு உறங்கப் போகலாம். உங்கள் மதிலும் பீரங்கியும் உங்களுக்காகப் போரிடும். தாக்க வருபவர் 30 நொடி ஊரை நோட்டம் விட்டு, மூன்று நிமிடத்துக்குள் படையை இறக்கிப் போரை முடிக்க வேண்டும். இறக்கிய பின் அந்த வீரர்கள் அவர் சொல் கேட்பதில்லை. ஜயன்ட் என்ற வகை பாதுகாப்புக் கட்டடங்களைத் தேடிப் போகும், காப்ளின் என்ற வகை பொன் இருக்கும் இடத்தைத் தேடும். எங்கே, எப்போது, எந்த வீரனை இறக்கினார் என்பதுதான் பெரும்பாலும் மனிதரின் கட்டளை.

இதைக் கவனித்தால் ஒரு முழுத் தாக்குதலையும் மிகச் சிறிய பட்டியலாக எழுதிவிடலாம் என்பது புரியும். காலையில் எழுந்து "என் ஊரை யார் அடித்தார்கள்" என்று நீங்கள் பார்க்கும் ரீப்ளே வீடியோ அல்ல. அந்தப் பட்டியலை உங்கள் கைபேசியில் மறுபடி ஓட்டுவது. விளையாட்டின் புதிய பதிப்பு வந்துவிட்டால் பழைய ரீப்ளேக்கள் ஓடாமல் போவதற்கும் இதுவே காரணம்: பீரங்கியின் பலம் சற்றே மாறினாலும், அதே கட்டளைகள் வேறொரு போரை நடத்திவிடும். ஏமாற்றைப் பிடிக்கவும் இந்த அமைப்பு உதவும். ஆட்டக்காரரின் கைபேசி "மூன்று நட்சத்திரம் வாங்கி முழுதாக வென்றுவிட்டேன்" என்று சொன்னால் சர்வர் அதை நம்ப வேண்டியதில்லை. அதே பட்டியலைத் தானே ஓட்டிப் பார்த்து விடையைச் சரிபார்க்கலாம்.

விளையாட்டு வெளிவந்தபோது இருந்த விதிகள் இவை: உங்கள் ஊர் தாக்கப்படும்போது வேறு யாரும் அதைத் தாக்க முடியாது. அந்த நேரம் நீங்களே உள்ளே வந்தாலும் போர் முடியும் வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் உள்ளே இருக்கும்போது யாரும் தாக்க முடியாது. ஆட்டக்காரர்கள் இவற்றை விளையாட்டின் நியாயமான விதிகளாகவே பார்த்தார்கள். தரவுத்தளம் தெரிந்தவர் இதில் வேறொன்றைப் பார்ப்பார்: ஒரே கணக்கை இருவர் ஒரே சமயத்தில் திருத்தாமல் போடும் பூட்டு. ஒரு பொறியியல் சிக்கலை ஆட்டக்காரர் ஏற்கும் விதியாகவே மாற்றிவிட்டார்கள். இந்த விளையாட்டின் வடிவமைப்பில் நான் அதிகம் ரசிப்பது இதைத்தான்.

ஊர் வளர்வதையும் சர்வர் தேவைப்படும்போது மட்டுமே கணக்கிடுகிறது. கோடிக்கணக்கான ஊர்களின் பொன் சுரங்கங்களை நொடிதோறும் கூட்டிக்கொண்டிருக்க எந்த சர்வராலும் கட்டுபடியாகாது, தேவையும் இல்லை. 2002இல் ஜெர்மனியில் தொடங்கிய ஓகேம், 2004இல் வந்த டிராவியன் போன்ற உலாவி விளையாட்டுகளின் காலத்திலிருந்தே பழகிவந்த வழி, கடைசியாகக் கணக்கு முடித்த நேரத்தையும் இருப்பையும் மட்டும் எழுதிவைப்பது. மணிக்கு 1,000 பொன் தரும் சுரங்கத்தைக் காலை 6 மணிக்கு முழுதாக அள்ளிவிட்டீர்கள். 8 மணிக்கு எதிரி வருகிறார். அப்போதுதான் சர்வர் கணக்குப் போடுகிறது: இரண்டு மணி நேரம், 2,000 பொன். பாதியை அவர் கொள்ளையடிக்க, 1,000 மிச்சம். நேரம் 8 என்று எழுதிக்கொள்கிறது. 8.30க்குச் சுரங்கத்தின் தரம் உயர்ந்து மணிக்கு 1,200 ஆகிறது. 9 மணிக்கு நீங்கள் திறந்து பார்க்கிறீர்கள். பழைய வீதத்தில் கணக்கிட்டால் 2,000 வரும், புதிய வீதத்தில் 2,200. இரண்டும் தவறு. 8.30 வரை ஒரு கணக்கை முடித்து 1,500, பிறகு அரை மணிக்கு 600, ஆக 2,100. நிகழ்வுகளை நேர வரிசையில் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தால்தான் சரியான விடை. இங்கேயும் லாம்போர்ட் சொன்னதே: அதே கட்டளைகள், அதே வரிசை. நேரமும் சர்வரின் கடிகாரத்திலிருந்துதான் வர வேண்டும். கைபேசியின் கடிகாரத்தை நம்பினால் தேதியைத் தள்ளிவைத்தே கோட்டையைக் கட்டி முடித்துவிடுவார்கள்.

இரண்டு நிகழ்வுகள் ஒரே நொடியில் வந்தால் எது முன்னே? டிரைபல் வார்ஸ் போன்ற விளையாட்டுகளில் தேர்ந்த ஆட்டக்காரர்கள், எதிரியின் இரண்டு படைகளுக்கு நடுவே தங்கள் காவல்படை வந்து சேரும்படி மில்லிநொடிக் கணக்கில் நேரம் பார்த்து அனுப்புகிறார்கள். சர்வரின் வரிசை விதியே அங்கே ஒரு போர்க்கலையாகிவிட்டது. உருவாக்குபவர் யோசிக்காமல் விட்ட மூலையை ஆட்டக்காரர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

இப்படி ஒரு விளையாட்டை எழுத நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் கோட்டையை அழகாக வரைந்துவிட்டு, பலர் ஆடும் வசதியைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பத்துக்குப் பத்துக் கட்டம், ஐந்து மான்கள், ஒரு தொடக்க எண் போதும். ஒரே நிரலின் இரண்டு பிரதிகளை உங்கள் கணினியிலேயே ஓடவிட்டு, ஒரே கட்டளைகளைக் கொடுத்து, ஒவ்வொரு அடியிலும் சரிபார்ப்பு எண்களை ஒப்பிடுங்கள். ஒரு லட்சம் அடிகள் மாறாமல் ஓடிய பிறகு மதிலையும் பீரங்கியையும் சேருங்கள். அந்த ஒப்பிடும் நிரலை மட்டும் எந்தக் கட்டத்திலும் அணைத்துவிடாதீர்கள்.